நொதியாரின் சிவப்பு நாடா

"மாமா, இது பேன்ட்டா, பலகையா?"

சலவை மாஸ்டர், துவைத்து உலர்ந்து வந்த நீல பேன்ட் ஒன்றைத் தரையில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தான். உள்ளே ஆளில்லாமலே அது நின்றது.

"ஃபேக்டரியில மாமான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் நொதியார்.

நொதியார் என்பது அவர் பெயரல்ல. அந்தத் துணிச்சலவைத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. என்சைமுக்குத் தமிழில் நொதி என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் இந்தப் பட்டம். சலவை மாஸ்டர் அவர் மனைவியின் தம்பி. அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவர்தான். அதை வாரம் ஒருமுறை அவனுக்கு ஞாபகப்படுத்துவதும் அவர்தான்.

"சரி, சார். துணியில ஏத்தின கஞ்சி போகவே இல்ல, சார். மொத்தம் அறுநூறு பேன்ட். நாலு மணிக்கு லாரி வருது, சார். என்சைம்லதான் ஏதோ கோளாறு."

சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டான். நெய்யும்போது நூல் அறுந்துவிடாமலிருக்க ஏற்றிய கஞ்சியைக் கடைசியில் தின்று தீர்ப்பது என்சைமின் வேலை. என்சைமில் கோளாறு என்றால் நொதியாரில் கோளாறு என்று அர்த்தம்.

"கஞ்சின்னா என்னடா? சர்க்கரையைக் கோத்த நீளமான சங்கிலி. அதைத் தின்னுற என்சைம்ல ரெண்டு ரகம். ஒண்ணு நடுவுல பூந்து கண்ட இடத்துல வெட்டும். இன்னொண்ணு ஓரத்துல உக்காந்து ஒவ்வொரு கண்ணியா கடிக்கும். சொந்தக்காரங்க மாதிரி."

"நான் எந்த ரகம், சார்?"

"நீ ஓரத்துல உக்காந்து கடிக்கிற ரகம். பருத்தி நூலும் சர்க்கரைச் சங்கிலிதான். ஆனா கோத்த விதம் வேற. அதனால அதைத் தின்ன வேற என்சைம் வேணும். கஞ்சிதின்னி நூலைத் தொடாது. நூல்தின்னி கஞ்சியைத் திரும்பிப் பாக்காது. உன் எச்சில்லகூட கஞ்சிதின்னி இருக்கு. ரொட்டியை மென்னுக்கிட்டே இருந்தா இனிக்குதுல்ல? அதான்."

"அப்ப துப்பியே துவைச்சிருக்கலாம்" என்று முணுமுணுத்தபடி மாஸ்டர் அவர் பின்னால் ஆய்வுக்கூடத்துக்கு நடந்தான்.

அலமாரியில் இரண்டு வெள்ளை கேன்கள். ஒன்றில் சிவப்பு நாடா, ஒன்றில் பச்சை நாடா. இது நொதியார் கண்டுபிடித்த ஏற்பாடு. நேற்று ஒரு கேனில் கம்பெனி லேபிளைக் காணோம். உடனே அவர் மற்றதிலிருந்த லேபிளையும் கிழித்துப் போட்டுவிட்டார். லேபிளைப் படிப்பவன் கடைக்காரன், சோதித்துப் பார்ப்பவன்தான் விஞ்ஞானி என்பது அவர் கட்சி. சோதித்தார். ஒன்று கஞ்சியைத் தின்றது, அதற்குச் சிவப்பு. மீதியிருந்தது நூல்தின்னியாகத்தானே இருக்க வேண்டும்? அதற்குப் பச்சை.

"இப்ப பாரு."

சோதனைக் குழாயிலிருந்த கஞ்சித் தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டார். குழாய் கருநீலமாயிற்று. கஞ்சி தீர்ந்தால்தான் அந்த நீலம் போகும். பிறகு சிவப்பு நாடா கேனுக்குள் கண்ணாடிக் குழலை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். உறிஞ்சுவதற்கென்று அலுவலகம் வாங்கித் தந்த ரப்பர் பந்து, பிரிக்காத பாக்கெட்டிலேயே மூன்று வருடமாக இருக்கிறது. அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு. கொஞ்சம் நாக்குவரை ஏறிவிட்டது. சப்புக்கொட்டினார்.

"ருசியே இல்ல. கலப்படமில்லாத சரக்கு!"

மீதியைக் கடைசிச் சொட்டுவரை 'ஃப்பூ' என்று சோதனைக் குழாய்க்குள் ஊதிவிட்டார்.

வாசலில் துடைப்பத் துணியோடு நின்ற துப்புரவு அக்கா பதறிப்போய், "ஐயோ சார், அந்தக் கேனை..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, இது சயின்ஸ். குறுக்கே பேசாதீங்க."

ஐந்து நிமிடத்தில் நீலம் வெளுத்தது. பத்தாவது நிமிடம் குழாய் பளிங்காக இருந்தது.

"பாத்தியா? என்சைம் சிங்கம் மாதிரி இருக்கு. நீ அளவைக் குறைச்சுப் போட்டிருப்பே. ரெண்டு மடங்கு போடு."

இரண்டு மடங்கு போட்டார்கள். வந்த நாற்பது பேன்ட்டும் அணிவகுத்து நின்றன.

"அப்ப சூடு பத்தல. சூட்டை ஏத்து."

"சாயம் போயிரும், சார்."

"நீ விஞ்ஞானியா, நான் விஞ்ஞானியா?"

சூட்டை ஏற்றினார்கள். சாயம் போனது. வெள்ளைப் பைகளெல்லாம் நீலமாகி, நீலக் கால்களெல்லாம் வெளுத்து வந்தன. கஞ்சி மட்டும் அசையவில்லை. மணி பன்னிரண்டு.

நொதியார் வெளுத்த பேன்ட் ஒன்றைத் தட்டிப் பார்த்தார். ஆனாலும் பின்வாங்குவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. கஞ்சிக்குப் பிடிமானமே நூல்தானே, நூலைக் கொஞ்சம் இளக்கிவிட்டால் கஞ்சி தானாக உதிராதா என்று பச்சை நாடா கேனிலிருந்து தாராளமாக ஊற்றச் சொன்னார். அதுமட்டும் சொன்னபடி வேலை செய்தது. கஞ்சி அப்படியே நிற்க, துணி கரைந்துபோய், முட்டியில் கைவிரல் நுழையும் ஓட்டைகளோடு வந்தன பேன்ட்டுகள்.

மாஸ்டர் ஓட்டை வழியாக அவரைப் பார்த்தான். "மாமா, நிறுத்திக்கலாம் மாமா."

அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நேரே மேசைக்குப் போய் முதலாளியம்மாவுக்கு ஓர் அறிக்கை எழுதினார். மூன்று முறை சோதித்தாயிற்று, என்சைம் அப்பழுக்கற்றது, தவறு முழுவதும் சலவைப் பிரிவுடையது. கீழே தேதியோடு கையெழுத்து.

அரை மணியில் மனைவியின் போன் வந்தது.

"என் தம்பி மேலயே எழுதிக் குடுத்திருக்கீங்களாமே?"

"விஞ்ஞானத்துல தம்பி, அண்ணன் எல்லாம் கிடையாது."

"அவனுக்குக் குழந்தை பிறந்து நாப்பது நாள்கூட ஆகல. வேலை போச்சுன்னா மூணு பேரும் நம்ம வீட்டு ஹால்லதான் இருப்பாங்க. உங்க விஞ்ஞானம் வராண்டாவுல படுத்துக்கட்டும்."

நொதியார் போனை வைத்தார். அறிக்கையைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட எழுந்தார். அதற்குள் முதலாளியம்மாவே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டார். ஒரு கையில் அறிக்கை, மறு கையில் ஓட்டை பேன்ட். பின்னால் தலைகுனிந்து மாஸ்டர்.

"லாரியை நாளைக்கு வரச் சொல்லிட்டேன். ஆனா இதுக்குக் காரணமானவங்க நாளைக்கு இங்க வரக் கூடாது. சார், உங்க சோதனையை என் கண்ணு முன்னால செஞ்சு காட்டுங்க."

"மேடம், வேணும்னா சின்னப் பையன், போனா போகுதுன்னு..."

"செய்யுங்க."

செய்தார். பதற்றத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வாய்க்குள் போயிற்று. எச்சில் தெறிக்க ஊதினார். எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இந்த ஒருமுறை மட்டும் நீலம் போகாமல் இருக்கக் கூடாதா என்று, தன் வாழ்நாளில் முதன்முறையாகத் தன் தோல்விக்காகவே நொதியார் மனமார வேண்டிக்கொண்டார்.

நீலம் நாலே நிமிடத்தில் போய்விட்டது.

"போதும். தப்பு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் முதலாளியம்மா.

மாஸ்டர் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். "வர்றேன் மாமா" என்றான். இந்த முறை நொதியார் திருத்தவில்லை.

மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"நீங்க எதுக்கு அழறீங்க?" என்றார் முதலாளியம்மா.

"பாவம்மா, அந்தத் தம்பி. சாரையும் குத்தம் சொல்ல முடியாது. உசிரைப் பணயம் வெச்சு வாயாலயே உறிஞ்சு பாக்குறாரு. பாக்கிற எனக்குத்தான் குலை நடுங்கும். அப்புறம் நானே மனசைத் தேத்திக்குவேன்: 'எதுக்குடி பயப்படுறே, தீந்துபோன கேனை லேபிள் போகத் தேய்ச்சுக் கழுவி, தரை துடைக்க நீயே பிடிச்சு வெச்ச தண்ணிதானே அது'ன்னு."