மெஷினுக்கு ஒரு கட்டி வெல்லம்

சீக்காளி மெஷினுக்கு வெல்லம் ஊட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் வெல்லக்கட்டி. அவருடைய நிஜப் பெயரை வருகைப் பதிவேட்டில் தினமும் எழுதியவன் நான்தான். ஆனாலும் வாயில் வராது.

திருவொற்றியூரில் இரும்பு வார்ப்புகளைத் தேய்த்து வழவழப்பாக்கும் பட்டறை அது. நான் ஸ்டோர் கிளார்க். சுவரோரம் தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்று உண்டு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் ஓடும். மற்ற நாளெல்லாம் தூசிக்கு மருந்து, ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம். தின்றால் நெஞ்சில் படிந்தது இறங்கிவிடும் என்பது முதலாளியின் மருத்துவ ஆராய்ச்சி. சாயங்காலம் அதைப் பங்கு போடுவது என் வேலை. கண்ணாடி அறைக்குள் சுகமாக உட்கார்ந்திருந்த நானும் கூசாமல் ஒரு கட்டி எடுத்துக்கொள்வேன்.

எல்லோரும் வாயில் போட்டுக்கொள்ள, வெல்லக்கட்டி மட்டும் தன் பங்கை நேராகக் கொண்டுபோய் மெஷினின் சுவிட்ச் பெட்டி மேல் வைப்பார்.

"இன்னா நைனா, அதுக்குப் பல்லா கீது?" என்று கேட்டேன்.

"நாங்க துன்னுகினுதான் கீறோம், இருமலு நிக்கல. இது எப்பப் பாரு படுத்துகினு கீது. இதுக்குத்தான் சீக்கு. இத்த எயுப்பி வுட்டா நமக்கு வெல்லமே வாணாம்."

முதலாளியிடமும் இதையே சொன்னார். "பைத்தியம்தான், ஆனா நல்லா வேலை செய்வான்" என்று முதலாளி சிரித்தார்.

அவரை மதித்தவை எறும்புகள் மட்டுமே. வடசென்னை எறும்பு மொத்தமும் அந்தப் பெட்டிக்குள் குடியேறியது. இன்ஸ்பெக்டர் வந்த அன்று முதலாளி கம்பீரமாக சுவிட்சைத் தட்டினார். மெஷின் அசையவில்லை. பெட்டியைத் திறந்தால் செத்த எறும்பு பிடி பிடியாகக் கொட்டியது.

"எத்தனை நாளா ஓடல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெல்லக்கட்டி முந்திக்கொண்டார். "போன தபா நீங்க வந்துட்டுப் போனீங்களே சார், அன்னிலேர்ந்து."

புதுப் பெட்டி வந்தது. மெஷின் தினமும் ஓடியது. எறும்பு வளர்த்த குற்றத்துக்கு அவர் வேலை போனது. அந்தக் கடிதத்தை டைப் அடித்தவன் நான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வெட்கமாக இருக்கிறது.

போன ஞாயிறு ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். நாலு படி ஏற நாலு தரம் நிற்கிறார். நெஞ்சு பூராவும் எங்கள் பட்டறைத் தூசி. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஓடுதா?"

"ஓடுது நைனா" என்றேன்.

முதலாளி மறுபடி மெஷினை நிறுத்தி மூன்று மாதமாகிறது.

மறுநாள் சாயங்காலம் என் பங்கு வெல்லத்தை நான் தின்னவில்லை. புதுப் பெட்டி மேல் வைத்தேன். அடுத்த தரம் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் எறும்புகள் வந்துவிட வேண்டும். என் வெல்லக்கட்டியிடம் சொன்னது பொய்யாகவே நின்றுவிடக் கூடாது.