சிவந்தால் கேசரி

நாவலூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், பிழை வந்தால் கேசரி வாங்கித் தருகிற மனிதர் ஒரே ஒருவர்தான் அகப்படுவார். எங்கள் ஆபீஸில் அவருக்கு ‘செவப்பு சார்’ என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அப்போது நாங்கள் ஓர் ஆஸ்பத்திரிக்காக, டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்யும் ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். நான் புதுசு. தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அந்த ஆப்பின் படிவங்களுக்குக் கம்ப்யூட்டர் கோட் எழுதுவேன். அந்தப் படிவங்களை மனிதனுக்குப் பதில் கம்ப்யூட்டரே நாள் முழுக்க நிரப்பிச் சோதிக்கிற ஏற்பாட்டை அமைப்பது செவப்பு சாரின் வேலை. சரியென்றால் திரையில் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஒரே ஒரு சிவப்பு இருந்தாலும் ரிலீஸ் நடக்காதபடி அதற்குப் பூட்டு வேறு போட்டு வைத்திருந்தார்.

பச்சை என்றாலே மனிதருக்கு ஆகாது. “இன்னாம்மா, எல்லாம் பச்சையா கீது? எங்கியோ ஏமாத்துது!” என்பார். உடனே என் கோட்டில் ஒரு கூட்டலைக் கழித்தலாக்கிவிட்டு, சோதனை அதைக் கண்டுபிடிக்கிறதா என்று கன்னத்தில் கை வைத்துக் காத்திருப்பார். திரை சிவந்தால் கேன்டீனிலிருந்து கேசரி வரும். சிவக்காவிட்டால் கம்ப்யூட்டருக்குத் திட்டு விழும். “நானே தப்பு வெச்சிருக்கேன், நீ பல்லை இளிச்சிகினு நிக்கிறியா?”

சோதனைக்கு எல்லோரும் ‘ஏபிசி’ என்று ஏதாவது ஒரு பெயர் கொடுப்பார்கள். இவரோ தன் கோவளத்துக்காரர்களை வரிசையாக உள்ளே இறக்கினார். படகு ரிப்பேர்க்காரர், பஸ் கண்டக்டர், மீன் விற்கிற மேரி அக்கா. ஏன் சார் என்று கேட்டதற்கு, “ஏபிசின்னு எவனுக்கும்மா முட்டி வலிக்குது?” என்றார்.

மேரி அக்காவிடம்தான் வந்தது வினை. குடும்பப் பெயருக்கு மூன்று எழுத்தாவது வேண்டும் என்று நான் ஒரு விதி எழுதியிருந்தேன். அக்காவுக்கு இருந்ததோ ஏ என்ற ஒற்றை இனிஷியல். ‘தவறான பெயர்’ என்றது ஆப். திரை சிவந்தது, கேசரி வந்தது, நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன். வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆனால்தான் என் வேலை நிரந்தரம்.

மேனேஜர் ஓடி வந்தார். “அந்த ரூலை மாத்தினா எல்லா இடத்துலயும் மாத்தணும், ஒரு வாரம் போயிடும். ஏதாவது ஒரு சர்நேம் போட்டுடுங்க சார். இல்லன்னா அந்த ஒரு டெஸ்ட்டை ஸ்கிப் பண்ணிடுங்க.”

“பொறந்ததுலேர்ந்து அது மேரி ஏ. இந்தப் பொட்டி வந்து தப்பான பேருன்னு சொல்லுமா? அக்காவை மாத்த மாட்டேன். பொட்டியை மாத்து.”

“கிளையன்ட்டுக்கு நான் என்ன சார் சொல்றது?”

“மேரி அக்காவுக்கு முட்டி வலின்னு சொல்லு.”

மறுநாளே அவரை வேறு ப்ராஜெக்ட்டுக்குத் தூக்கி அடித்தார்கள். பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவரிடம், பாவி, நான் சண்டைக்குப் போனேன். “உங்க வீம்புக்கு என் வேலை போகணுமா சார்?”

“உன் கழுத்துல தொங்குதே, அதைப் படிம்மா” என்றார்.

ஐடி கார்டைத் திருப்பிப் பார்த்தேன். வனிதா ஆர். சே! நான் எழுதிய விதி என்னையே உள்ளே விட்டிருக்காது.

அவர் போன கையோடு மேனேஜர் என்னிடம் வந்தார். “செட்டிங்ஸ்ல ஸ்கிப்னு ஒரே ஒரு வார்த்தை வனிதா. அடிச்சுட்டீங்கன்னா கன்ஃபர்மேஷன் லெட்டர் ரெடி.”

“மாட்டேன் சார்” என்றேன். விதியைத் தேடித் தேடித் திருத்தினேன். ரிலீஸ் ஒரு வாரம் தள்ளிப் போயிற்று, என் லெட்டர் மூன்று மாதம் தள்ளிப் போயிற்று. போகட்டுமே! மேரி ஏ ஜம்மென்று பச்சையில் உள்ளே போனார்.

செவப்பு சார் பிறகு கம்பெனியையே விட்டுப் போய்விட்டார். அந்தச் சோதனை ஏற்பாடு இப்போது என் கையில். நாலு நாள் சேர்ந்தாற்போல் திரை பச்சையாக இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு கூட்டலைக் கழித்தலாக்கிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொள்வேன். சிவந்ததும் கேன்டீனுக்குப் போய் இரண்டு கேசரி வாங்குவேன். இரண்டாவதைச் சாப்பிட ஆள் இல்லை என்று கேன்டீன்காரருக்கே தெரியும். அப்படியும் இரண்டுதான் வாங்குவேன்.