வேலியில் காய்ந்த சிவப்பு

"பிள்ளை, என்ரை சீலை காய்ஞ்சிட்டுதோ எண்டு பாக்கிறன்," என்றபடி மாமி குணலட்சுமி கொடிப் பக்கம் வரவும் புது மருமகள் மகாதேவிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அந்தச் சீலைக்கு அடியில்தான் அது காய்ந்துகொண்டிருந்தது. வவுனியாக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் புருஷன் போன கிழமை இரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்த பிறேசியர். நல்ல சிவப்பு. போதாததற்கு லேஸ் வேறு!

மாமியின் சட்டம் கொக்குவில் ஊர் முழுக்கத் தெரிந்தது. உள்ளுடுப்பென்றால் வெள்ளைத் துணியில் வீட்டில் தைத்தது. அதையும் துவாய்க்குக் கீழேதான் காயப்போட வேண்டும். நிறத்தில் போடுகிறவள் குடும்பப் பெண்ணே இல்லை. மருமகளை வவுனியாக் குவாட்டர்ஸுக்கு, மகனோடு குடியிருக்க அனுப்புவதா இல்லையா என்று நாளைக்குத்தான் மாமி முடிவு சொல்வதாக இருந்தாள்.

"நான் எடுத்துத் தாறன் மாமி!"

மகாதேவி பாய்ந்து சீலையைச் சுருட்டி மாமியின் கையில் திணித்தாள். சிவப்பைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பின்வேலிக்கு ஓடினாள். வேலிக்கு அங்கால் றெயில் பாதை. ஆளும் இல்லை, பேரும் இல்லை. வேலியின் வெளிப்பக்கமாக நன்றாக விரித்துப் போட்டாள். அப்பாடா!

காங்கேசன்துறை றெயில் வந்தது. வந்த றெயில் கிறீச்சிட்டு நின்றும்விட்டது. யன்னலெல்லாம் தலைகள்.

றெயில் கார்ட் சிமியோன் குதித்து இறங்கி ஓடிவந்தார்.

"ஆர் பிள்ளை சிவப்புக் கொடி காட்டினது?"

கொடி என்றதும் அவளுக்கு உடுப்புக் காயப்போடும் கொடிதான் ஞாபகம் வந்தது.

"ஐயோ, கொடியிலை போடேல்லை ஐயா! வேலியிலைதான் போட்டனான்!"

சிமியோன் வேலியைப் பார்த்தார். றெயிலே குலுங்கிச் சிரித்தது.

"நான் றிப்போட் எழுதவேணுமெல்லே. உது ஆற்றை?"

"மாமியின்ரை!"

பயத்தில் வாய் உளறிவிட்டது. உளறியதைக் கேட்க மாமியும் சரியாகப் பின்னால் வந்து நின்றாள்.

"அடி மூதேவி! என்ரையோ? வெள்ளையைத் தவிர வேறை எதையும் நான் தொட்டிருப்பனோ? உனக்கு வவுனியாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! ஐயா, நீங்களே சொல்லுங்கோ, உது என்ரையோ?"

சிமியோன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பொய் றிப்போட் எழுதிப் பழக்கமில்லாத மனுஷன்.

"இல்லை அம்மா, உங்கடை கறுப்பெல்லோ? வெள்ளிக்கிழமையளிலை நீங்கள் உந்த வேலியிலை காயப்போடேக்கை எங்கடை றெயில் றைவர் ஒருக்கா விசில் ஊதுறவரெல்லே!"