கீழ் மண்டபத்துச் சுமதி

எனக்கு முடிவெடுக்கத் தெரியாது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஒப்புக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்ததில்தான் கொஞ்ச நாள் ஓடிவிட்டது. ஓட்டலில் தோசையா பூரியா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சர்வர் நாலு மேஜைக்குப் பரிமாறிவிட்டு வந்து, "அக்கா, இனிமே பொங்கல்தான் இருக்கு" என்று சொல்லி எனக்கு உதவி செய்வார்.

பெரம்பலூரில் ரவிக்கை தைப்பது என் தொழில். துணி வெட்டும்போது மட்டும் என் கை தயங்காது. (வெட்டிய பிறகு யோசித்து என்ன பிரயோஜனம்?) ஊரில் பாதிப் பெண்களின் முதுகைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவேன். என் முகத்தைப் பார்த்து என் பெயரைச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் சந்தேகம்.

இப்படிப்பட்டவளைப் பிடித்து, கூடப் பத்தாவது படித்தவர்கள் எல்லாரும் மறுபடி சந்திப்பதற்கான வாட்ஸ்அப் குழுவில் கலா சேர்த்துவிட்டாள். அரியலூர் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் கலா. கல்யாணத்துக்குப் பிறகு நேரில் பார்த்ததே இல்லை, போனில் பேசுவதோடு சரி.

குழுவுக்குள் போய்ப் பார்த்தால் ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முருகன் இருந்தார், ரோஜாப்பூ இருந்தது, யாரோ ஒரு குழந்தை பல் இல்லாமல் சிரித்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "வணக்கம், நான் சுமதி" என்று போட்டேன்.

செந்தில் என்று ஒருவன் உடனே கேட்டான்: "யாருப்பா இந்த சுமதி?"

யாராவது பதில் சொல்வார்கள் என்று மெஷினை நிறுத்திவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அதற்குக் கீழே ஒன்று வந்து விழுந்தது. ஆவி பறக்கும் காபிப் படம். இனிய மாலை வணக்கம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் செந்திலைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. பள்ளியில் நான் முதல் மார்க்கும் இல்லை, பெயிலும் இல்லை. ஓடவில்லை, பாடவில்லை, ஒரு ஜன்னலைக்கூட உடைக்கவில்லை. நடு பெஞ்ச், நடு மார்க், நடு உயரம். அங்கே போய் நின்றால், "நீங்க யாரோட சம்சாரம்?" என்று கேட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பயம். சரி, போகாமல் இருந்துவிடலாம் என்றால், நான் வரவில்லை என்பதே யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த இரண்டில் எது பெரிய அவமானம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

குழுவிலிருந்து வெளியேறினேன். கலா திரும்பச் சேர்த்தாள். அந்தச் சமயத்தில்தான் பெண்களுக்கு மாம்பழ மஞ்சள் புடவை, ஆண்களுக்கு அதே நிறத்தில் சட்டை என்று முடிவானது. நானும் ஆசையாக ஒரு புடவை எடுத்து, ரவிக்கையும் தைத்துவிட்டு, மறுபடி பயம் வந்து வெளியேறினேன். கலா போனில் திட்டினாள்.

"வரியா, இல்லியா? ஒண்ணு சொல்லுடி."

"வரலடி" என்றேன். அதைச் சொல்லி முடித்ததும் போக வேண்டும்போல் இருந்தது.

விழா ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஆடியில் முகூர்த்தம் கிடையாது; கல்யாண மண்டபமெல்லாம் சும்மா பூட்டிக் கிடக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் பழைய மாணவர்கள் கூடுவதென்றால் ஆடியில்தான் கூடுவார்கள். (இந்தத் தகவலை நான் அப்போதே கொஞ்சம் ஆழமாக யோசித்திருக்கலாம்.)

அன்று காலை என் கணவரிடம் கேட்டேன்.

"என்னங்க, போவட்டுமா?"

"உன் இஷ்டம்."

உலகத்திலேயே உதவாத பதில் இதுதான். கல்லூரியில் படிக்கும் என் மகள் யாழினிதான் அறையிலிருந்து கத்தினாள்.

"அம்மா, தயவுசெஞ்சு போயிட்டு வந்துரு. இல்லன்னா போயிருக்கலாமோ, போயிருக்கலாமோன்னு ஆயுசுக்கும் எங்க உசுரை வாங்குவ."

மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வரமாட்டேன் என்று சொன்னவள் திடீரென்று போய் நின்றால் கலா அசந்துபோவாள் என்று அவளுக்கும் சொல்லவில்லை.

அரியலூர் பஸ்ஸில் ஏறியதும் ஒரு பெரியம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். எனக்கு ஒரே குழப்பம். அவரைவிட நான் சின்னவள்.

"உக்காரு தாயி. விரதம் இருக்கிற உடம்பு. தீமிதியா, பால்குடமா?"

"ரெண்டும் இல்லீங்க. பழைய ஸ்கூல் பசங்கள்லாம் பாத்துக்கிறோம்."

"எதுவா இருந்தாலும் ஆத்தா கூப்புடாம போவ முடியுமா?" என்று சொல்லி, தன் பையிலிருந்து ஒரு கொத்து வேப்பிலையை எடுத்து என் கையில் திணித்தார். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் புழுதியில் ஊர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில், கண்டக்டர்கூட என்னை ஒரு மரியாதையோடுதான் பார்த்தார். இறங்கிவிடலாமா என்று பேரளியில் ஒருமுறை எழுந்தேன். "இன்னும் கோயில் வரலம்மா" என்று எல்லாரும் சேர்ந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

மண்டபத்து வாசலில் இருந்த பிளெக்ஸ்களை ஆடிக் காற்று மூங்கிலோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருந்தது. 'முன்னாள் மாணவ' என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. அப்படியும் உள்ளே போவதா, அடுத்த பஸ்ஸில் திரும்புவதா என்று வேப்பிலையோடு நின்றுகொண்டிருந்தபோது, மாம்பழ மஞ்சள் புடவையில் ஓர் அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏன்டி வெளியிலயே நிக்கிற? நான் வாசுகி. நீ யாருன்னு சொல்லு பாப்போம்... இரு, இரு, நானே சொல்றேன்..."

"சுமதி" என்றேன், பயந்துகொண்டே.

"அடியே சுமதீ!" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழ் மண்டபமே திரும்பியது. "எல்லாரும் வாங்கடி! நம்ம சுமதி வந்துட்டா!"

மஞ்சள் புடவைகள் என்னைச் சூழ்ந்துகொண்டன. ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதாள். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர், "நீ வர மாட்டேன்னு பந்தயம் கட்டுனேன், தோத்துட்டேன்" என்றார். எனக்கு ஒரு முகமும் பிடிபடவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் யாருக்குத்தான் பழைய முகம் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பேச்சும் பொருந்தித்தான் போனது. ஒழுகும் கூரையா? எங்கள் பள்ளியிலும் ஒழுகியது. சாக்பீஸால் அடிக்கும் கணக்கு சாரா? எங்களுக்கும் ஒருவர் இருந்தார். (பிறகு விசாரித்ததில், அவர் இல்லாத பள்ளியே தமிழ்நாட்டில் கிடையாது.)

ஒன்றே ஒன்றுதான் இடித்தது.

"நீ பிரேயர்ல பாடுவியே, இன்னும் என் காதுலயே இருக்குடி" என்றாள் வாசுகி.

நான் பாடினேனா? குளியலறையில்கூட நான் பாடியதில்லை. ஆனால் இத்தனை பேர் சேர்ந்து சொல்கிறார்கள். பாடியிருப்பேனோ? மறந்துவிட்டேனோ? என்னை யாருக்கும் ஞாபகமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தால், எனக்குத்தான் என்னை ஞாபகமில்லை போலிருக்கிறது! உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். என் பெயரை இத்தனை பேர் ஆசையாகக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

மாடிப்படியில் மயில் கழுத்து நிறப் புடவையில் சில பெண்கள் ஏறிப் போனார்கள். ஏதோ விசேஷம் போலிருக்கிறது, பாவம், ஆடியில் வைத்திருக்கிறார்களே என்று அவர்களுக்காகப் பரிதாபப்பட்டேன்.

அதற்குள் மைக்கில் அறிவித்துவிட்டார்கள்: "இப்பொழுது கடவுள் வாழ்த்து. நம்ம சுமதி!"

கைதட்டலில் எப்படி மேடை ஏறினேன் என்று தெரியவில்லை. கையில் வேப்பிலை வேறு. முதல் வரியைப் பாடினேன். அடுத்த வரி வரவில்லை. அதனால் முதல் வரியையே வேறு ராகத்தில் பாடினேன். கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. பக்தி என்று நினைத்து மூன்றாம் முறை உச்சத்தில் எடுத்தேன். மைக்கே தாங்காமல் கீச்சிட்டது. இறங்கி வந்தபோது வாசுகி என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"வயசானா தொண்டை போயிரும்டி. அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க அவ? எங்கடி என் சுமதி?"

"இந்தா, உன் உயிர்த் தோழி வந்துட்டா. கலாடி!" என்றாள் வாசுகி.

உயரமான ஓர் அம்மா ஓடிவந்து இரண்டு கைகளாலும் என் கன்னத்தைப் பிடித்தாள். கலா இவ்வளவு உயரமா? நான் குழம்பி நின்றபோது என் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். கலா.

என் கன்னத்தைப் பிடித்திருந்த கலாவின் கைகளைப் பார்த்தேன். இரண்டிலும் போன் இல்லை.

"ஏன்டி, வரலன்னு சொல்லிட்ட, வீடியோ கால்லயாவது வாயேன்டி" என்றாள் போனில் இருந்த கலா.

"நான் மண்டபத்துலதான் இருக்கேன்."

"நானும் மண்டபத்துலதான்டி இருக்கேன்! எங்க இருக்க?"

"கீழ. இப்பத்தான் கடவுள் வாழ்த்து பாடுனேன்."

"அய்யய்யோ, கீழேருந்து ஒரு சத்தம் வந்துச்சே, அது நீயா?" என்றாள்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. இது வேறு ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம். சுமதியும் கலாவும் இல்லாத வகுப்பு அந்தக் காலத்தில் ஏது? தட்டுத்தடுமாறி வாசுகியிடம் உண்மையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிப்போனது.

"அப்ப எங்க சுமதி வரலியா? எவ்வளவு தேடுனோம் தெரியுமா, அவ நம்பரே கெடைக்கல."

எனக்குப் பாவமாக இருந்தது. அந்தச் சுமதியின் மேல் பொறாமையாகவும் இருந்தது. வாசுகியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல விடு. நீயும் சுமதிதானே. சாப்ட்டுட்டுதான் போவணும்" என்றாள்.

மாடிப்படி ஏறினேன். மேலே மண்டபம் முழுக்க மயில் கழுத்து நிறம். நான் கடைசியாக வெளியேறிய பிறகு, ஆடியில் மஞ்சள் கட்டினால் அம்மன் கோயிலுக்கு வந்த கூட்டம் என்று நினைப்பார்கள் என்று நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். வரமாட்டேன் என்று சொன்னவளிடம் அதை யார் சொல்வார்கள்?

வாசலில், மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதற்குப் பயந்தேனோ அதுவேதான். ஒரு முகத்திலும் என் பெயர் இல்லை. கலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நம்ம சுமதி. கீழ போயி வேற ஸ்கூலு பங்ஷன்ல உக்காந்திருக்கா" என்று சிரித்தபடி சொன்னாள்.

முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலை எழுந்தது. செந்தில்.

"டேய்! பப்ளிக் பரீட்சைல பக்கத்து ரூம்ல போயி உக்காந்து எழுதுன சுமதிடா இது!"

மண்டபம் இடிந்து விழுவதுபோல் சிரிப்பு. "அந்தச் சுமதியா!" "எடத்துக்குச் சொந்தக்காரன் வந்து அழுதானே!" "சூப்பர்வைசர் கைய புடிச்சு இழுத்துட்டு வந்தாரே!" ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். நான் மறந்தே போயிருந்தேன்; மறக்க வேண்டும் என்றே மறந்திருப்பேன். அவர்கள் ஒருவர்கூட மறக்கவில்லை.

"இதை அன்னைக்கே குரூப்புல சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்ல? வெறும் சுமதின்னா யாருக்குத் தெரியும்?" என்று செந்தில் என்னையே கோபித்துக்கொண்டான். அழுவதா சிரிப்பதா என்று அப்போதும் எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

சாப்பாட்டை இரண்டு பந்தியிலும் சாப்பிட்டேன். இப்போது இரண்டு குழுவிலும் இருக்கிறேன், எதிலிருந்தும் வெளியேறவில்லை. கீழ் மண்டபத்துக்காரர்கள் இன்னும் தங்கள் சுமதியைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவள் கிடைக்கும்வரை காலை வணக்கத்துக்கு நான்தான் பதில் போடுகிறேன்.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு. போன மாதம் திருமழபாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். என் கணவர் வாசலிலேயே நின்று, பிளெக்ஸில் இருந்த மாப்பிள்ளை பெயர், பெண் பெயர் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துவிட்டு, "கரெக்ட்டுதான், வா" என்று என்னை உள்ளே கூட்டிப் போனார். இப்போதெல்லாம் நான் எங்கே கிளம்பினாலும், போகிறாயா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. யாழினி அறையிலிருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்.

"அம்மா, எந்த ரூம்?"