யூனிக்ஸ் வாரிசு

“போர்டுல ‘யூனிக்ஸ்’னு போட்டுகினு கீறியே பரணி, சர்ட்டிபிகேட் கீதா?”

பெங்களூர் ரயிலைப் பிடிக்கப் போகும் வழியில் லாய்ட் கேட்டான். ராபர்ட்சன்பேட்டையில் பரணி அன்றுதான் கம்ப்யூட்டர் வகுப்பைத் திறந்திருந்தான்.

“இன்னா சர்ட்டிபிகேட்? நான் சொல்லிக் குடுக்கற சிஸ்டம் ஒரிஜினல் யூனிக்ஸ்லேர்ந்து வளந்ததுப்பா. அதே வம்சம்.”

“வம்சம் போதாது. டெஸ்ட் பாஸ் பண்ணி சர்ட்டிபிகேட் வாங்குன சிஸ்டத்துக்குத்தான் அந்தப் பேரு. உன்னுது வெறும் வாரிசு. எவனாவது கேஸ் போடப் போறான்.”

லாய்ட் போய்விட்டான். பரணி ஏணியில் ஏறினான். ‘யூனிக்ஸ்’ என்பதற்குக் கீழே ‘வாரிசு’ என்று கொட்டை எழுத்தில் எழுதினான்.

மத்தியானத்துக்குள் வாசலில் பெரிய வரிசை. எல்லாம் மூடிப்போன தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள்; அப்பாவின் பாக்கிப் பணத்துக்காக வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள். முதலில் நின்றவர் கோவிந்தன்.

“எங்கப்பா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துல ஷிஃப்ட்டு பாத்தவரு. வாரிசு சர்ட்டிபிகேட் இன்னிக்கே குடுத்துடுவீங்களா?”

“இங்க அதெல்லாம் குடுக்கறதில்லீங்க!”

“அப்போ போர்டு இன்னாத்துக்கு?”

நியாயமான கேள்வி. பரணி மறுபடி ஏறி, ‘சான்றிதழ் வழங்கப்படாது’ என்று எழுதினான். வரிசை முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. கூடவே, வகுப்பில் சேர வந்த ஷில்பாவும் தோழிகளும் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

“சர்ட்டிபிகேட் தராத கிளாஸா? பேட சார், வேணாம்.”

“இரும்மா, இரும்மா!”

அந்த வரியையும் மேலே இருந்த ‘வாரிசு’வையும் அழித்து, அவசர அவசரமாகப் புது வரி எழுதினான்: ‘சான்றிதழ் உண்டு. வாரிசு இல்லை.’

இறங்கியதும் பக்கத்து மளிகைக் கடை வெங்கடம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“கல்யாணமாகி இன்னா பெருசா வருசமாயிப்போச்சு? அதுக்காக ஊருக்கே எழுதிப் போடுவாங்களா கண்ணு?”

“ஐயோ, அது கம்ப்யூட்டருங்க!”

“மனசத் தேத்திக்க.”

அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு கொண்டுவந்தாள் அவன் மனைவி மமதா. போர்டை அண்ணாந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. கேரியரைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

பரணி போன் போட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை. ஊரிகத்துக்கு அம்மா வீட்டுக்கே போய்விட்டாளோ? யூனிக்ஸும் வேண்டாம், வம்சமும் வேண்டாம் என்று ஏணியில் ஏறிப் போர்டைப் பிடுங்கத் தொடங்கினான்.

கீழே ஆட்டோ ஒன்று வந்து நின்றது. தெருக்கோடி கிளினிக் நர்ஸ் ஃப்ளோரா தலையை நீட்டினாள்.

“கழட்டாதீங்கண்ணா! ‘இல்லை’ய மட்டும் அழிங்க. மமதா அக்காவுக்கு இப்பதான் டெஸ்ட் பண்ணோம்!”