டாஃபியின் நன்னடத்தை

திண்டுக்கல் மாவட்டத்தின் பண்பாட்டு வரலாற்றை நாளைக்கு யாராவது நேர்மையாக எழுத உட்கார்ந்தால், முதல் அத்தியாயத்தை ஒரு நாய்க்கு ஒதுக்கித்தான் ஆக வேண்டும். மலைக்கோட்டை, பூட்டு, பிரியாணி எல்லாம் இரண்டாம் அத்தியாயத்தில் வரட்டும், அவசரமில்லை. வேடசந்தூர் சாலையில் பண்பாளர் நகரில் வசிக்கும் டாஃபி என்ற அந்த நாய், மனிதகுலம் வாயளவில் போற்றிவந்த ஒழுக்கத்தை வாசற்படியில் நின்று செய்து காட்டிய ஜீவன்.

இந்தப் பெருமையெல்லாம் அதன் எஜமானர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேலுசாமியைச் சேரும். குஜிலியம்பாறைப் பக்கம் தோட்டம் துரவோடு பிறந்தவர். சமத்துவத்தைப் பற்றி அவர் பேசாத மேடை இந்த வட்டாரத்தில் கிடையாது. பள்ளி ஆண்டு விழாவோ, காதுகுத்தோ, சலூன் திறப்போ, மைக் கையில் கிடைத்துவிட்டால் மனிதர் எல்லாரும் சமம் என்று நிலைநாட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போவார். கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். சிலர் பசியில்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். மகள் பவித்ரா பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தாள். வீடு இருந்தது, ஓய்வூதியம் வந்தது, சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு பட்டம் மட்டும் இல்லை. அதற்காக எத்தனையோ பேரைப் பார்த்து, எத்தனையோ பேருக்குச் சால்வை போர்த்தி, கடைசியில் மாவட்ட நல்லிணக்கப் பேரவை மனம் இறங்கியது. 'சமத்துவச் செம்மல்' பட்டத்தை மார்கழி பிறப்பதற்குள் அவருடைய வீட்டிலேயே வைத்து வழங்குவதென்று பேரவை ஒருமனதாகத் தீர்மானித்தது. செய்தியைக் கேட்ட அன்று வேலுசாமி கண்ணாடி முன்னால் நின்று தன்னைத் தானே ஒருமுறை அந்தப் பட்டத்தோடு கூப்பிட்டுப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் டாஃபி தப்பு செய்தது.

டாஃபி கோம்பை இனத்து நாய். பார்த்தால் திருடன் தானாகவே போய்ச் சரணடைவான். ஆனால் அதன் மனசு பச்சைப் பிள்ளை மனசு. அந்நியர் என்று உலகத்தில் ஒருவர் இருப்பதாகவே அதற்குத் தெரியாது. வருகிறவர் யாரானாலும் வாலை ஆட்டி, கையை நக்கி, வேட்டி நுனியைக் கவ்வி வீட்டுக்குள் இழுத்துவரும். ஒருநாள் அது அப்படி இழுத்துவந்து ஹால் சோபாவில் உட்கார வைத்தது தமிழாசிரியர் மணிமாறனை.

"என்னங்க! நாயி மணிமாறன் சார உள்ள கூட்டிட்டு வந்துருச்சு!" என்றாள் வேலுசாமியின் மனைவி சோலையம்மாள். அடுப்படியில் தீப்பிடித்தால்கூட அவள் அவ்வளவு சத்தமாகச் சொல்லமாட்டாள்.

வேலுசாமி பதறவில்லை. பரந்த மனசுக்காரர். "வந்தா என்ன? நம்ம மணிமாறன்தான!" என்று சிரித்தார். "வாங்க மணிமாறன், வெளிய காத்து நல்லா வருது. அங்க நின்னு பேசுவோம்."

காற்று அன்றைக்கு எங்கேயும் வரவில்லை. மணிமாறன் எழுந்து, வழக்கமாக நிற்கும் போர்ட்டிகோ தூண் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் போன பிறகு சோபா உறை துவைக்கப் போனது. ரொம்ப நாளாகவே அழுக்காக இருந்ததாம். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டதாம்.

இந்த இடத்தில் அந்த வீட்டின் டீ நிர்வாகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் வெளிக்குழாயடியில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். சிலருக்கு அதில்தான் டீ. குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். வேலுசாமிக்கு இது பொறுக்கவில்லை. "இது பிற்போக்கு" என்று முழங்கி, அந்த டம்ளரைத் தன் கையாலேயே எடுத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார். அதற்குப் பதில் பேப்பர் கப் வாங்கினார். சுகாதாரம். கொரோனா காலம் வேறு. பிறகு கொரோனா ஊரை விட்டே போய்விட்டது. சிலர் விஷயத்தில் மட்டும் அவர் இன்னும் எச்சரிக்கையாக இருக்கிறார். மற்றவர்களுக்கு ஹாலில், சோபாவில், எவர்சில்வர் டம்ளரில் டீ.

மணிமாறன் எம்.ஏ., எம்.பில். சமத்துவத்தைப் பற்றி வேலுசாமி பேசிய அத்தனை பேச்சையும் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். எழுதியதைத் தூண் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுவார், பேப்பர் கப்பில் டீ குடிப்பார், போய்விடுவார். அவரை உள்ளே வராதே என்று அந்த வீட்டில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் அநாகரிகம் அல்லவா?

ஆகவே ஒழுக்கம் குறைந்திருந்தது நாயிடம்தான் என்று முடிவாயிற்று. கொடைரோட்டிலிருந்து கிளெமென்ட் வரவழைக்கப்பட்டார். மலை பங்களாக்காரர்களின் நாய்களையெல்லாம் மனிதர்களாக்கியவர். நாய்ப் பயிற்சியாளர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அவர் 'நாய் நடத்தை ஆலோசகர்'. வந்ததும் டாஃபியின் கண்ணை உற்றுப் பார்த்தார், காதைத் தூக்கிப் பார்த்தார், கடைசியில் வேலுசாமியைப் பார்த்தார்.

"நல்ல பிரீட் சார். ஆனா இதுக்கு எல்லை தெரியல. யார உள்ள விடணும், யார நிறுத்தணும்னு நீங்க தெளிவாச் சொல்லிட்டீங்கன்னா பழக்கிப்புடலாம். கேஸ் சிலிண்டர்காரரு?"

"உள்ள வரட்டும். சிலிண்டர் அடுப்படிக்கு வரணும்ல."

"சரி, சிலிண்டரோட வரலாம். சிலிண்டர் இல்லாம வந்தா?"

"சிலிண்டர் இல்லாம அவன் எதுக்கு வாரான்?"

கிளெமென்ட் தலையாட்டினார். "ஓட்டுக் கேட்டு வர்றவங்க?"

"ரிசல்ட் வர்ற வரைக்கும் எல்லாரும் வரலாம்."

"பூக்காரம்மா, தேங்கா பறிக்கிறவரு, துணி தேய்க்கிறவரு?"

"அவுகளே வரமாட்டாக. நாயி இழுத்துட்டு வராம இருந்தாச் சரி."

"அந்த மணிமாறன் சாரு?"

வேலுசாமி விட்டத்தைப் பார்த்தார். "அவரு தங்கமான மனுசன். அம்புட்டுப் படிச்சவரு. எனக்குத் தம்பி மாதிரி."

"அப்ப உள்ள விட்றலாம்."

"அதான் தங்கமான மனுசன்னு சொல்றேன்ல! வெளியவே நின்னுக்கிருவாரு."

கிளெமென்டுக்குப் புரிந்துவிட்டது. மலை மேலேயும் இதே கதைதான். "மனுசனுக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும் சார். நாய் பாவம், படிக்காதது. ஆனா ஒண்ணு. நீங்க புதுசா ஒண்ணுமே செய்ய வேணாம். வழக்கமா யாருக்கு என்ன செய்வீங்களோ, அத மாத்தாமச் செஞ்சுக்கிட்டே இருங்க. நாய் தானாப் புடிச்சுக்கிரும். இதுக்குப் பேரு கன்சிஸ்டன்சி."

கன்சிஸ்டன்சியில் அந்த வீட்டை யாரும் மிஞ்ச முடியாது. கிளெமென்ட் கையில் வேகவைத்த ஈரல் துண்டுகளோடு வாசலில் உட்கார்ந்தார். வந்தவர்கள் வந்தார்கள், நின்றவர்கள் நின்றார்கள், அவரவருக்கு உரியதில் சோலையம்மாள் டீ கொடுத்தாள். டாஃபி எல்லாவற்றையும் பார்த்தது. சரியாக நடந்தால் ஈரல், தப்பாக நடந்தால் பட்டினி. மாதம் ஒன்று முடிவதற்குள் அதற்கு ஞானம் பிறந்துவிட்டது. உள்ளே வரத்தக்கவர் வந்தால் உட்கார்ந்து வலது முன்னங்காலை நீட்டிக் கைகுலுக்கும். வரத்தகாதவர் டீயும் கையுமாகப் படிப் பக்கம் வந்தால் வாசற்படிக்குக் குறுக்கே படுத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து மெதுவாக ஒரு உறுமல். குரைப்பு கிடையாது, கடி கிடையாது. யார் மனசும் புண்படாது.

வேலுசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. பெற்ற மகளே சில விஷயங்களில் இவ்வளவு சொல் பேச்சுக் கேட்டதில்லை. "ஆளப் பாத்த உடனே கண்டுபுடிச்சிருது பாருங்க! நாட்டு நாயி, ரத்தத்துலயே இருக்கும்போல" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. அவருக்கு அது எப்படி இயல்பாகத் தெரிந்ததோ, அப்படித்தான் நாய்க்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

பட்டமளிப்பு நாள் வந்தது. ஹாலில் மேடை, மேடைக்குப் பின்னால் வேலுசாமி வானத்தைப் பார்த்துச் சிரிக்கும் பேனர். வாசலில் டாஃபி கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு உட்கார்ந்திருந்தது. வரவேற்புக் குழுவில் அதையும் சேர்த்திருந்தார்கள். கிளெமென்ட் கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மணிமாறன் ஏற்புரையை எழுதி எடுத்துக்கொண்டு வந்து, தன் தூண் பக்கத்தில் நின்றிருந்தார்.

காலையிலேயே வீட்டில் ஒரு சின்ன விவாதம் நடந்திருந்தது. "இம்புட்டுப் பேருக்கு டம்ளருக்கு எங்க போக? அத யாரு கழுவுறது?" என்று கேட்டாள் சோலையம்மாள். "எல்லாருக்குமே பேப்பர் கப்புல குடுத்துரு. சமத்துவ விழாதான!" என்றார் வேலுசாமி. அந்த யோசனை அவருக்கே ரொம்பப் பிடித்துப்போனது. பேச்சில் இதையும் சேர்க்கச் சொல்லலாமா என்றுகூட நினைத்தார்.

விருந்தினர்கள் போர்ட்டிகோவில் கூடினார்கள். ஆளுக்கொரு பேப்பர் கப் டீ. பேரவைத் தலைவர் ராயப்பராஜ், ஓய்வுபெற்ற தாசில்தார், கப்பும் கையுமாக முதல் ஆளாகப் படியேறினார்.

டாஃபி எழுந்தது. வாசற்படிக்குக் குறுக்கே படுத்தது. உறுமியது.

"என்ன சார், உங்க நாயி என்னையப் பாத்து உறுமுது?"

"வெளையாடுது சார். டாஃபி! டேய்! பெரியவங்கடா!" என்றார் வேலுசாமி.

தலைவர் பின்வாங்கினார். அடுத்து வந்த பேரவைச் செயலாளருக்கும் உறுமல். பொருளாளருக்கும் உறுமல். சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் டீ வேண்டாம் என்று சொல்லியிருந்த ஒருவர் மட்டும் வெறுங்கையோடு போனார்; டாஃபி எழுந்து உட்கார்ந்து கைகுலுக்கி அவரை உள்ளே அனுப்பியது. தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. தாசில்தாராக இருந்த காலத்தில் அவரை எந்த வாசலிலும் யாரும் நிறுத்தியதில்லை.

தூண் பக்கத்திலிருந்து மணிமாறன் மெதுவாகச் சொன்னார்: "கப்பக் கீழ வச்சிட்டுப் போங்க சார். விட்டுரும்."

தலைவர் கப்பைத் திண்டில் வைத்தார். டாஃபி உட்கார்ந்து காலை நீட்டியது. கப்பை எடுத்தார், படுத்து உறுமியது. நேரில் ஆய்வு செய்து பழகிய மனிதர், இன்னொரு தடவையும் செய்து பார்த்தார். பிறகு மணிமாறன் பக்கம் திரும்பினார்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் எப்பவும் கப்புலதான சார் குடிக்கிறேன்" என்றார் மணிமாறன். குறையாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

கிளெமென்டுக்குப் புல்லரித்துவிட்டது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "பாத்தீங்களா! இத நான் சொல்லிக் குடுக்கல சார், சத்தியமா. இந்த வீட்ல டம்ளருன்னா உள்ள, கப்புன்னா வெளிய. நாய் அதுவாப் பாத்துப் புடிச்சிருக்கு! அம்புட்டுக் கன்சிஸ்டன்சி இந்த வீட்ல! கைதட்டுங்க எல்லாரும்!"

யாரும் கைதட்டவில்லை. அத்தனை முகமும் வேலுசாமி பக்கம் திரும்பியது. எத்தனை வருஷத்து மேடை, எத்தனை சால்வை, எல்லாம் ஒரு நாயின் வாயில் போய்க்கொண்டிருந்தது.  ஆனால் வேலுசாமியுடையது மைக்கில் வளர்ந்த உடம்பு; சட்டென்று நிமிர்ந்தார்.

"தப்பாப் பேசாதீங்க. கப்புக்கும் நாயிக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. இந்த வீட்ல அப்படி ஒரு பாகுபாடே இல்ல. ஏன், நானே பேப்பர் கப்புலதான் குடிக்கிறேன்!" என்று தட்டிலிருந்து ஒரு கப்பை எடுத்து, எல்லாரும் பார்க்க ஒரு வாய் உறிஞ்சி, கம்பீரமாகப் படியேறினார்.

டாஃபி அவரைப் பார்த்தது. வால் ஆடியது. சோறு போடும் கை அது என்று அதற்கும் தெரியும். பிறகு அந்தக் கையில் இருந்த கப்பைப் பார்த்தது. வால் நின்றது. வாசற்படிக்குக் குறுக்கே படுத்து, கற்றுக்கொடுத்த அளவுக்கு இம்மியும் கூடாமல் குறையாமல் உறுமியது.

கப்பைக் கீழே வைத்தால் உள்ளே போகலாம். ஆனால் வைத்தால், இந்த வீட்டின் சட்டம் எனக்கும் தெரியும் என்று சபைமுன் ஒப்புக்கொண்டதாகிவிடும். வைக்காவிட்டால் உள்ளே போக முடியாது. வேலுசாமி கப்போடு நின்றார். அவருக்கு அவ்வளவு சங்கடம் வாழ்க்கையில் வந்ததில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கப்பை வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், டாஃபியிடம் கைகுலுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். சோலையம்மாள் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, அத்தனை பேர் பார்ப்பதைக் கண்டு, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

ஹாலில் மைக் கரகரத்தது. "சமத்துவச் செம்மல் வேலுசாமி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்." கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை அழைத்தார்கள்.

மணிமாறன் கடைசி மடக்கைக் குடித்து முடித்தார். கப்பைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். ஏற்புரைத் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். டாஃபி மரியாதையாக உட்கார்ந்து காலை நீட்டியது. அவர் குனிந்து அதைக் குலுக்கினார்.

"மணிமாறன்... பேச்சு..." என்றார் வேலுசாமி. கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"நான் எழுதுனதுதான சார். நானே வாசிச்சிர்றேன்." வாசலைத் தாண்டிய பிறகு மணிமாறன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நீங்க செத்த நேரம் அந்தத் தூண் பக்கத்துல நில்லுங்க. மொதல்ல காலு வலிக்கும். அப்புறம் பழகிரும் சார்."