யூனிட் அண்ணாத்தையும் என் காரின் காய்ச்சலும்

காய்ச்சல் இருக்கிறதா என்று காரைத் தொட்டுப் பார்க்கும் ஒரே மனிதர் ஊரப்பாக்கத்தில், எங்கள் தெருவில்தான் இருக்கிறார். வேறு ஊரில் இன்னொருவர் உண்டு என்று யாராவது சத்தியம் செய்தாலும் நான் நம்பத் தயாராக இல்லை. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் யூனிட் அண்ணாத்த.

சாயங்காலம் நான் என் பெட்ரோல் காரை வாசலில் நிறுத்திச் சாவியை உருவுவதற்குள் எதிர்வீட்டு கேட் திறக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். சாப்பிட்டாயா, சௌக்கியமா என்ற பேச்சே கிடையாது. நேராக பானட்டில் உள்ளங்கையை வைப்பார்.

"சுடுது தம்பி."

"இப்பதானே அண்ணாத்த ஓட்டிட்டு வரேன். சுடாம?"

"சுடுதுல்ல, அது இன்னா தெரிமா? உன் துட்டு. நீ போட்ட பெட்ரோல்ல பாதிக்கு மேல சக்கரத்துக்கே போவல. இங்க நின்னு அனல் அடிச்சிகினு கீது."

பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன்னுடைய மின்சாரக் காரின் பானட்டில் வைப்பார். அதுவும் சற்று முன் செங்கல்பட்டு வரை போய் வந்திருக்கும். ஆனால் சுடாது. "போட்டது முக்காவாசிக்கு மேல சக்கரத்துக்குப் போச்சி, பாத்துக்கோ" என்பார். புதிதாகக் குடிவந்த ஒருவர், தன் காரை யாரோ தடவுகிறார்கள் என்று போலீசுக்கு போன் போடவே கிளம்பிவிட்டார். "சார், அவர் திருட வரலை, ஜுரம் பார்க்கிறார்" என்று நான்தான் ஓடிப்போய்ச் சமாதானம் செய்தேன்.

அண்ணாத்த கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க டீசலோடு குப்பை கொட்டிய மனிதர், ஓய்வு பெற்றதும் செகண்ட் ஹேண்டில் ஒரு மின்சார கார் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து எங்களுக்கு ஏழரை ஆரம்பித்தது. ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல், "யூனிட், யூனிட்டுன்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன அண்ணாத்த?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"ஆயிரம் வாட்டு இஸ்திரிப் பொட்டிய ஒரு மணி நேரம் வுட்டுப் போடு. அதான் ஒரு யூனிட்டு. நம்ம கார் பேட்டரி இருவத்தி ரெண்டு யூனிட்டு புடிக்கும்."

"அப்ப இருபத்தி ரெண்டு மணி நேரம் இஸ்திரி போடலாம்."

"போடலாம். ஆனா இஸ்திரிப் பொட்டி மேல உக்காந்து மாமல்லபுரம் போவ முடியாது. இதுல போவலாம். ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர், நல்லா ஓட்டுனா ஏழு."

"அப்ப ஃபுல்லா போட்டா நூத்தம்பது கிலோமீட்டர்?"

"அது காயிதத்துல. ஏசி போட்டா கொறையும். ஆளு ஏறுனா கொறையும். எதிர்க்காத்து அடிச்சா கொறையும். வேகமா போனியா, அவ்ளோதான்."

இதோடு விட்டாரா? மீட்டரில் பத்து யூனிட் ஓடினால் பேட்டரிக்குள் ஒன்பதுதான் போய்ச் சேரும் என்று இன்னொரு குண்டைப் போட்டார். "மீதி ஒண்ணு? கமிஷனா?" என்றேன். "கமிஷன்தான். சார்ஜர் சூடாவுதுல்ல, அது எடுத்துக்கும்" என்றார். எனக்குக் கணக்கென்றாலே வேப்பங்காய். ஆனாலும் அன்று ராத்திரி எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து அடியில் எத்தனை வாட் என்று பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போவதென்றால் நெம்மேலி அருகே குப்பத்தில் இருக்கும் மீனவ நண்பர் ஒருவருக்கு முதலில் போன் போடுவார். "காத்து எந்தப் பக்கம் கீது?" அவர் தெற்கத்திக் காற்று என்றால் மாமல்லபுரம் பயணம் ரத்து. அந்த நண்பர்கூட ஒருநாள், "யோவ், நானே கடலுக்குப் போறதுக்கு இவ்ளோ யோசிக்கல" என்று போனை வைத்துவிட்டாராம்.

இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கை. பவானி அக்காவுக்கு அப்படியா? அவர் அண்ணாத்தையின் மனைவி. கார் வந்த புதிதில் இருவரும் மாமல்லபுரம் கிளம்பினார்கள். நல்ல அக்னி வெயில். ஏசி போட்டால் யூனிட் போகும் என்று அண்ணாத்த ஜன்னலைத் திறந்துவிட்டார். ஜன்னல் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியை இழுக்கும் என்று சிங்கப்பெருமாள்கோவில் தாண்டியதும் அதையும் ஏற்றிவிட்டார். அக்கா வெந்து போய் இறங்கினார்.

அதையாவது பொறுத்திருப்பார். அடுத்து வந்தது கரண்ட் பில். எங்கள் ஊரில் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும், பில் எகிறும். காருக்கும் வீட்டு மீட்டரிலேயே சார்ஜ் போட்ட அண்ணாத்த, அந்த ஐந்நூறுக்குள் எல்லாவற்றையும் அடைக்கப் பார்த்தார். ஒருநாள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு, "மாவு கடையில வாங்கிக்கலாம் பவானி, கார் பசியா கீது" என்றார்.

அக்காவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. "நான் ஏறுனா வெயிட்டு, அரைச்சா யூனிட்டு. இனிமே உன் கார்ல நான் கால வெச்சா கேளு."

சொன்னபடியே வைக்கவில்லை. கல்யாணம், காது குத்து, ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் மின்சார ரயில்தான். ரயில் போகாத ஊருக்கு அக்கா போகவே இல்லை. அண்ணாத்த மட்டும் பக்கத்து சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே வண்டி ஓட்டினார்.

"பொண்டாட்டி ஏறாத காரை வெச்சிக்கிட்டு என்ன அண்ணாத்த பண்றீங்க? வித்துத் தொலைங்க" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கையே துடைத்துக்கொண்டிருந்தார். "அவளுக்கு டீசல் வாசனை ஆவாது தம்பி. பெட்ரோலும் ஆவாது. பஸ்ல ஏறுனா வாந்தி. நான் ட்யூட்டி முடிஞ்சி வூட்டுக்கு வந்தா தட்ட வெச்சிட்டு ரெண்டு அடி தள்ளிதான் நிப்பா. ரிட்டையர் ஆனா அவளுக்கு வாசனையே இல்லாத வண்டி வாங்கி ஊரு சுத்திக் காட்டணும்னு நெனச்சேன். வாங்குன நாள்லருந்து இந்தக் கணக்கு புடிச்சிகிச்சி. வுட மாட்டேங்குது."

எனக்கு ஐயோ என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் என் பானட்டைத் தொடும்போது நான் எதிர்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

போன வருஷம் அக்காவின் தங்கை மகளுக்குக் கல்பாக்கம் பக்கம் வளைகாப்பு. பெரியம்மா முறையில் வரிசைத் தட்டு, கலந்த சாதம், பலகாரம் எல்லாம் அக்காதான் கொண்டுபோக வேண்டும். ஒரு வாரமாக அவர்கள் வீட்டு கிரைண்டர் ஓயவில்லை. அண்ணாத்த ஸ்விட்ச் பக்கம் போகவே இல்லை. எனக்கே ஆச்சரியம்.

அங்கே ரயில் போகாது என்பதால் அன்று காலையில் வாடகை வேன் வந்து புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. அக்கா படியில் ஒரு கால் வைத்தார். முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார். வேனைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், கடைசியில் அண்ணாத்தையைப் பார்த்தார்.

"ஏசி போடணும்."

"போட்றேன்."

"யூனிட்டுன்னு ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது. வந்துச்சி, அங்கேயே எறங்கிடுவேன்."

அண்ணாத்த தோளில் கிடந்த துண்டை எடுத்து, சார்ஜ் காட்டும் டிஸ்பிளே மேல் போட்டு மூடினார். அதை மூடுவதற்குள் நான் எட்டிப் பார்த்துவிட்டேன். முக்கால்வாசிதான் இருந்தது. நூற்றிருபது கிலோமீட்டர் போய் வர வேண்டும், நிறைய சாமான், ஏசி வேறு. எப்போதும் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுத்தானே கிளம்புவார், இன்றைக்கு என்ன என்று எனக்குப் புரியவில்லை. சாமான் தூக்க ஆள் வேண்டும் என்று அக்கா என்னையும் கூப்பிட்டிருந்ததால், புளியோதரை அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் மனிதர் நெளிந்தார். பேசக் கூடாததைத் தவிர வேறு பேச்சு அவருக்குத் தெரியாது. செங்கல்பட்டில் சார்ஜ் போடும் இடத்தைத் தாண்டும்போது ஏக்கத்தோடு திரும்பிப் பார்த்தார். நல்ல நேரம் போய்விடும் என்று அக்கா அவசரப்படுத்தியதால் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. அக்கா வாந்தி எடுக்கவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கூடையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். வண்டியில் போகும்போது அக்கா சாப்பிட்டது அவர் ஜென்மத்தில் அதுதான் முதல் தடவையாம்.

வளைகாப்பு ஜோராக நடந்தது. சாப்பிட்டு முடித்ததும் கிளம்பலாம் என்றால் அண்ணாத்த மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கடக்காத்து ஏறட்டும், போலாம்" என்றார். கடற்காற்று முதுகைத் தள்ளினால் சார்ஜ் மிச்சமாகும் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. "மனுசனுக்கு இப்பதான் கடல ரசிக்கத் தோணுது" என்று தங்கையிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

திரும்பும்போது பாதி வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. துண்டு நழுவி விழுந்தது.

"இன்னாய்யா இது, பன்னெண்டு?" என்றார் அக்கா.

அண்ணாத்த வாயைத் திறக்கவில்லை. நெற்றியில் வியர்வை. ஏசி ஓடும் காரில் ஒரு மனிதர் அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

"நான் சொல்றேன் அக்கா," என்றேன். "மிச்சம் இருக்கிற சார்ஜ் அது. நூத்துக்குப் பன்னெண்டு."

அக்கா கையை நீட்டி ஏசியை அணைத்தார். அவரே. அதன்பிறகு டிஸ்பிளேயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செங்கல்பட்டு நெருங்கும்போது ரயில்வே மேம்பாலம் வந்தது. ஏறி, இறக்கத்தில் அண்ணாத்த பழக்கதோஷத்தில் நியூட்ரல் தட்டினார். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிப்பது பஸ் ஓட்டிய கைக்கு ஊறிப்போன வித்தை.

"யோவ், இரு. முன்னாடி வேகத்தடைல நீ கால எடுத்தப்போ இங்க ஒரு பச்சைக் கோடு வந்துச்சி. இப்ப காணோமே."

"நியூட்ரல்ல கீது பவானி."

"அத்த எடுத்துட்டுப் போ."

எடுத்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலையும் எடுத்தார். பச்சைக் கோடு நீண்டு வந்தது. வண்டி தானாக வேகம் குறைய, சக்கரம் சுற்றுவதே பேட்டரிக்குக் கரண்ட் ஆகிக்கொண்டிருந்தது. எண் ஏறவில்லை, ஆனால் பாலம் முடியும்வரை இறங்கவும் இல்லை. இத்தனை நாளும் ஒவ்வொரு பாலத்திலும் தன் கையாலேயே அந்தக் கரண்டைத் தொலைத்துக்கொண்டிருந்த அண்ணாத்த அசடு வழிந்தார்.

சார்ஜ் போடும் இடத்தில் எண் ஐந்து. ஒயரை மாட்டியதும் அக்கா விசாரணையைத் தொடங்கினார்.

"இங்க இன்னா ரேட்டு?"

"வூட்டுல போட்றத வுட மூணு பங்கு ஆவும்."

"எப்ப முடியும்?"

"எம்பது வரைக்கும் சட்டுனு ஏறும். அப்பால மெதுவாதான். பஸ்ல மொத ஜனம் உடனே ஏறிடும், கடைசி பத்து பேர உள்ள தள்றதுதான் பேஜாரு."

"வூட்டுல கம்மின்னு தெரிஞ்சிகினு, இன்னாத்துக்கு ஃபுல்லா போட்டுகினு வரல?"

அண்ணாத்த ஒயரைப் பார்த்தபடி சொன்னார். "நீ கிரைண்டர் போட்டுகினு இருந்தியே. ரீடிங் எடுக்கற நேரம். காருக்கும் போட்டா ஐந்நூறு தாண்டிடும். கார் பட்னி கெடக்கட்டும்னு வுட்டேன்."

அக்கா எழுந்து போய், பக்கத்து சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பரபரவென்று கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தாண்டுனா தாண்டட்டும் போ" என்றார்.

இப்போது நிலைமை படுமோசம். அண்ணாத்தையாவது காரைத்தான் தொடுவார். அக்கா, நான் அவர்கள் காரில் ஏறப் போனாலே, "தம்பி நீ எத்தினி கிலோ? அந்தக் குடைய வெச்சிட்டு வா" என்கிறார். ரெண்டு பேரும் இந்த வாரம் அதே காரில் ராமேஸ்வரம் போயிருக்கிறார்கள். எங்கெங்கே சார்ஜ் போட்டார்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது, அக்கா என்ன சாப்பிட்டார் என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. பாதிக்கு மேல் பேசுவது அக்காதான்.

தெருதான் வெறிச்சென்று கிடக்கிறது. நேற்று சாயங்காலம் வண்டியை நிறுத்தினேன். எதிர்வீட்டு கேட் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நானே என் கார் பானட்டில் உள்ளங்கையை வைத்தேன். நன்றாகத்தான் சுடுகிறது. சீக்கிரம் வந்து தொலையுங்கள் அண்ணாத்த.